ஒருத்தனுக்கு ரெண்டு பேர் காவல்

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குள் நீங்கள் போயிருப்பீர்கள். புத்தகக் கண்காட்சி. புழுதி, கூட்டம், மிளகாய் பஜ்ஜி, பை கனத்துக் கை வலி. வண்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் அந்த இடம் மனசிலிருந்து மறைந்துவிடும். அடுத்த கண்காட்சிக்குத்தான் மறுபடி ஞாபகம் வரும்.

அது ஒரு கல்லூரி. ஓடவும் குதிக்கவும் பந்து போடவும் சொல்லித்தர ஆள் தயார் செய்கிற கல்லூரி. நீங்கள் பள்ளியில் பயந்து நடுங்கிய பி.டி. மாஸ்டர் அங்கே படித்தவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

1919ல் ஹாரி குரோ பக் என்கிற அமெரிக்கர் மெட்ராஸில் வந்து இறங்கினார். அடுத்த வருஷமே உடற்கல்விக்கென்று ஒரு பள்ளியை ஆரம்பித்துவிட்டார். கையில் காசு கிடையாது. மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1930களில் அது அடையாற்றங்கரைக்கு, இப்போது நாம் நந்தனம் என்று சொல்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியோடு போன மேனேஜர் இவர்தான். ஆளாளுக்கு ஒரு மாதிரி ஆடிக்கொண்டிருந்த விளையாட்டுகளுக்கெல்லாம் விதிகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டார். 1943ல் இறக்கும்வரை அவருக்கு இந்தக் கல்லூரிதான் எல்லாம்.

பக் கதையை இன்னொரு வாரம் விரிவாகச் சொல்கிறேன். இன்றைக்கு எனக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல். பக் படித்த ஊர் ஸ்பிரிங்ஃபீல்ட். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறது. அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில்தான் 1891 டிசம்பரில் கூடைப்பந்து பிறந்தது.

பிறந்தது என்றால், ஒரே ஆள் உட்கார்ந்து யோசித்துப் பெற்றது. ஜேம்ஸ் நெய்ஸ்மித். வெளியே பனி. உள்ளே அடங்காத 18 மாணவர்கள். அவர்கள் எலும்பை முறித்துக்கொள்ளாமல் கட்டடத்துக்குள் ஆட ஒரு ஆட்டம் வேண்டும். நெய்ஸ்மித் யோசித்தார். அமெரிக்க ஃபுட்பாலில் ஏன் ஒருத்தன் மேல் பத்துப் பேர் விழுந்து அமுக்குகிறார்கள்? அவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். ஓடாமல் இருந்தால்? அமுக்க வேண்டிய அவசியமே இல்லையே! ஆகவே, பந்தைப் பிடித்தால் பிடித்த இடத்திலேயே நில். அடுத்தவனுக்குப் போடு. முடிந்தது விஷயம்.

பத்தடி உயரத்தில் இரண்டு பீச் பழக் கூடைகள். 13 விதிகள். பக்கத்துக்கு ஒன்பது பேர். கூடைப்பந்து இப்படித்தான் தொடங்கியது. தனி ஆள் சாகசத்தை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டுப் பிறந்த ஆட்டம். எல்லோரும் சமம், எல்லோரும் பாஸ் பண்ணு.

முதல் ஆட்டத்தின் ஸ்கோர் என்ன தெரியுமா? 1-0. பதினெட்டுப் பேர் முட்டி மோதி ஒரே ஒரு கூடை. அதுவும் வில்லியம் சேஸ் என்கிறவர் தூரத்திலிருந்து, விழுந்தால் விழட்டும் என்று வீசியது.

இந்த வாரம் நான் பேச நினைப்பது இதைப் பற்றித்தான். ஊர் கூடித் தேர் இழுக்கிற ஒரு ஆட்டத்தில் ஒருத்தனுடைய திறமைக்கு என்ன வேலை? குறிப்பாகக் கல்லூரி அணிகளில்? தொழில்முறை அணியில் ஐந்து பேருமே கில்லாடிகள். கல்லூரியில் அப்படி அமையாது. ஒருத்தன் அசகாய சூரன், இரண்டு பேர் சுமார், மிச்சம் இரண்டு பேர் அட்டெண்டன்ஸுக்காக வந்தவர்கள். அந்த ஒருத்தனை என்ன செய்வது? அவனிடமே எல்லாப் பந்தையும் கொடுப்பதா, இல்லை, தலையில் தட்டி "எல்லாருக்கும் பாஸ் பண்ணுடா" என்பதா?

தேர் என்றதும் மயிலாப்பூர் ஞாபகம் வருகிறது. பங்குனியில் கபாலீஸ்வரர் தேர் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்க அத்தனை கூட்டம். நேரான வீதியில் தேர் கம்பீரமாக நகரும். மாடவீதி முனையில் திரும்ப வேண்டும் பாருங்கள், அங்கே வடம் பிடித்தவர்களால் ஒன்றும் ஆகாது. சக்கரத்துக்குப் பக்கத்திலேயே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற ஒரு மனிதர் சரியான நொடியில் சரியான கோணத்தில் கட்டையைப் போடுவார். தேர் திரும்பும். நாம் என்னவோ முட்டுக்கட்டை போடுகிறவன் என்றால் காரியத்தைக் கெடுப்பவன் என்று வைத்திருக்கிறோம்!

சரி, கூடைக்கு வருவோம். நெய்ஸ்மித் விதிப்படி பந்தோடு ஓடக்கூடாது. ஆனால் பந்தைத் தரையில் தட்டி மறுபடி பிடிக்கக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? நாலு பேர் சூழ்ந்துகொண்டதும் மாட்டிக்கொண்ட ஒரு ஆட்டக்காரர் பந்தைக் கீழே விட்டு எடுத்தார். அப்புறம் தட்டிக்கொண்டே நாலடி நகர்ந்தார். விதியில் ஓட்டை! அந்த ஓட்டை வழியாகத்தான் தனி ஆள் திறமை கூடைப்பந்துக்குள் நுழைந்தது. இன்றைக்கு அதற்கு டிரிப்ளிங் என்று பெயர். அது இல்லாமல் கூடைப்பந்தே இல்லை.

அடுத்த ஓட்டையைப் போட்டவர் ஹாங்க் லுய்செட்டி. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர். அந்தக் காலத்தில் கூடைக்குப் பந்து போடுவதற்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. இரண்டு காலையும் ஊன்றி நின்று, இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சுக்கு முன்னால் வைத்து, குறி பார்த்து, மெதுவாகப் போட வேண்டும். இவர் ஓடிக்கொண்டே, எம்பி, ஒற்றைக் கையால் போட்டார்.

1936 டிசம்பர் 30. நியூ யார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். எதிரே லாங் ஐலண்ட் பல்கலைக்கழகம். தொடர்ந்து 43 ஆட்டங்களில் தோற்றதே இல்லாத அணி. ஸ்டான்ஃபோர்ட் 45-31 என்று ஜெயித்தது. லுய்செட்டி எடுத்தது 15 பாயிண்ட்தான். ஆனால் பார்த்தவர்களுக்குப் பொறி தட்டிவிட்டது. இரண்டு கை ஷாட்டை நின்று நிதானித்துப் போடுவதற்குள் எதிராளி வந்து மறித்துவிடுவான். ஓடுகிறவனை எங்கே என்று மறிப்பது?

பெரிய கோச்சுகள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. நியூ யார்க்கின் மகா கோச் நாட் ஹோல்மன், என் பையன்கள் ஒற்றைக் கையால் போட ஆரம்பித்தால் நான் தொழிலையே விட்டுவிடுவேன் என்கிற அளவுக்குப் போனார். நல்லவேளை, லுய்செட்டியின் கோச் ஜான் பன் அந்த ரகமில்லை. பையனின் பழக்கத்தை மாற்றச் சொல்லாமல் அப்படியே விட்டார். சில வருடங்களில் நாடே ஒற்றைக் கையால் போட்டது.

இங்கே ஒரு சொந்தக் கதை. எங்கள் பள்ளியில் சிமெண்ட் கோர்ட் ஒன்று இருந்தது. ஒருத்தன் இருந்தான். தப்பான காலில் எம்புவான், பந்து எங்கெங்கோ போகிற மாதிரி போய்க் கூடைக்குள் விழும். வந்த மாஸ்டர் அவனை ஒரு மாதம் நின்ற இடத்திலிருந்தே போட வைத்தார். முறைப்படி. பந்து விழுவது நின்றது. அப்புறம் அவன் வருவதும் நின்றது. ஐந்தாவது ஆளாக உட்கார வைத்திருந்த எனக்கு அதனால் ஆடுகிற வாய்ப்பு கிடைத்தது. நாங்கள் ஒழுங்காக பாஸ் பண்ணினோம். ஒழுங்காகத் தோற்றோம்.

அப்படியென்றால் சூரனிடமே எல்லாவற்றையும் விட்டுவிடலாமா? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

பீட் மாராவிச். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம். அப்பா பிரஸ் மாராவிச்தான் கோச். 1967 முதல் 1970 வரை மூன்று சீசன், 83 ஆட்டங்கள், 3,667 பாயிண்ட். சராசரி ஆட்டத்துக்கு 44.2. மூன்று பாயிண்ட் கோடு என்ற ஒன்றே இல்லாத காலம் அது. 2024ல் கெய்ட்லின் கிளார்க் என்ற பெண் அந்த எண்ணைத் தாண்டினார். முதல்நிலைப் பிரிவு (டிவிஷன் 1) ஆண்களில் இன்னும் யாரும் தாண்டவில்லை. 2023ல் ஒருவர் மூன்றே பாயிண்ட் குறைவாக நின்றுபோனார், பாவம்.

இத்தனை எடுத்தும் அணி ஜெயித்த ஆட்டங்கள் 49, தோற்றவை 35. தேசியச் சாம்பியன்ஷிப் போட்டிக்கு ஒரு தடவைகூட அழைப்பு வரவில்லை. "பார்த்தீர்களா, தனி ஆள் ஆட்டம் இப்படித்தான் முடியும்" என்று சொல்பவர்கள் எப்போதும் இந்தக் கணக்கைத்தான் காட்டுவார்கள். அவர்கள் காட்டாமல் விடுவது, மாராவிச் களமிறங்குவதற்கு முந்தைய சீசனின் கணக்கு. மூன்று வெற்றி, 23 தோல்வி! ஒரே ஒரு பையன் வந்து சேர்ந்ததும் அதே கோச்சின் கீழ் 14 வெற்றி, 12 தோல்வி. கடைசி வருஷம் 22 வெற்றி.

ஆக, திறமை தூக்கிவிட்டது. ஆனால் ஓர் உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. ஏன்?

தி.நகரில் வண்டி ஓட்டுபவர்களுக்கு விடை சுலபமாகப் புரியும். உஸ்மான் ரோடு நெரிசலைத் தவிர்க்க உங்களுக்கு ஒரு சந்து தெரியும். ஐந்து நிமிஷம் மிச்சம். ஊருக்கே அது தெரிந்துவிட்டால்? சந்திலும் நெரிசல். டீட்ரிச் பிரைஸ் என்ற ஜெர்மன் கணித அறிஞர் 1968ல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். சில சமயம் புதிதாக ஒரு ரோடு போட்டால் எல்லோருக்கும் பயண நேரம் கூடிவிடும்! 2010ல் பிரையன் ஸ்கின்னர் என்ற அமெரிக்க இயற்பியல் ஆராய்ச்சி மாணவர் அந்தக் கணக்கை அப்படியே கூடைப்பந்துக்குத் திருப்பினார். அணியின் மிகச் சிறந்த ஷூட்டர்தான் குறுக்குச் சந்து. ஒவ்வொரு தடவையும் அவர் வழியாகவே போனால் எதிரணி மொத்தமும் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். சந்து அடைபட்டுவிடும்.

அடைக்கட்டும் என்கிறேன். அவர்கள் எல்லோரும் சந்துக்குள் வந்துவிட்டால் உஸ்மான் ரோடு காலியாகத்தானே இருக்கும்?

அதைப் புரிந்துகொள்ள இரண்டு ஆட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

முதல் ஆட்டம், 1957 மார்ச் 23. தேசிய இறுதிப்போட்டி. ஒரு பக்கம் கான்சாஸ். கூடைப்பந்தின் தந்தை நெய்ஸ்மித்தே கோச்சாக இருந்த பல்கலைக்கழகம். (இருந்தார், ஆனால் 55 வெற்றி, 60 தோல்வி. கான்சாஸ் கோச்சுகளிலேயே ஜெயித்ததைவிட அதிகம் தோற்றவர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் மட்டும்தான். போகட்டும்.) அந்த அணியில் வில்ட் சேம்பர்லின். ஏழடிக்கு மேல் உயரம். எதிரே வட கரோலினா. அவர்கள் சேம்பர்லினைச் சுற்றி வேலி போட்டார்கள். முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர், பக்கவாட்டில் இன்னொருத்தர். மற்ற கான்சாஸ்காரர்கள் தூரத்திலிருந்து போடுவதென்றால் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். தைரியமாக விட்டார்கள், ஏனென்றால் அவர்களால் அவ்வளவாகப் போட முடியாது என்று தெரியும்.

மூன்று முறை கூடுதல் நேரம் போனது ஆட்டம். 54-53. கான்சாஸ் ஒரு பாயிண்டில் தோற்றது. 53ல் 23 சேம்பர்லின் எடுத்தது. கடைசி விநாடிகளில் அவரை நோக்கி வந்த பாஸை வட கரோலினாவின் ஜோ குவிக் தட்டிவிட்டார். பந்து கைக்கு வரவே இல்லை.

இரண்டாவது ஆட்டம், 2008 நவம்பர் 25. டேவிட்சன் என்று ஒரு குட்டிக் கல்லூரி. மொத்த மாணவர்களே ஏறத்தாழ 1,700 பேர். நம் ஊரில் சில பள்ளிக்கூடங்களே இதைவிடப் பெரிசு. எதிரணி லயோலா. நம் நுங்கம்பாக்கம் லயோலா இல்லை, மேரிலாண்ட் லயோலா. டேவிட்சன் அணியில் ஸ்டீஃபன் கரி என்று ஒல்லியாக ஒரு பையன். பெரிய பல்கலைக்கழகங்கள் எதற்கும் வேண்டாதவராக இருந்தவர். அப்பா டெல் கரி ஆடிய பல்கலைக்கழகம்கூட, வேண்டுமானால் ஸ்காலர்ஷிப் இல்லாமல் வந்து சேர்ந்துகொள் என்றுதான் சொன்னது. அந்தப் பையன் அதே வருஷம் மார்ச்சில் தேசியப் போட்டிகளில் கொன்சாகா அணிக்கு எதிராக 40 பாயிண்ட் அடித்து ஊரையே எழுந்து நிற்க வைத்துவிட்டார்.

லயோலா கோச் ஜிம்மி பாட்சோஸ் ஒரு முடிவோடு வந்திருந்தார். இரண்டு பேர். ஆட்டம் முழுக்க. கரி எங்கே போனாலும் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டே போகவேண்டும். பந்து அவர் கையில் இருக்கிறதோ இல்லையோ, கவலையில்லை.

நீங்கள் கரியாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வீராப்பாக இரண்டு பேரையும் தாண்டிக் காட்டுகிறேன் என்று இறங்கியிருப்பீர்கள். நானும்தான். கரி என்ன செய்தார் தெரியுமா? மைதானத்தின் மூலையில் போய் நின்றுகொண்டார். சும்மா. காவல்காரர்கள் இரண்டு பேரும் கூடவே வந்து நின்றார்கள்.

ஐந்து பேரில் இரண்டு பேர் மூலையில். மிச்சம் மூன்று பேர். டேவிட்சனுக்கோ மிச்சம் நாலு பேர். நாலுக்கு மூன்று! ஆட்டம் பூராவும் யாரோ ஒரு டேவிட்சன் பையன் தனியாக, மறிக்க ஆளில்லாமல், நிம்மதியாக நின்று கூடையில் போட்டுக்கொண்டே இருந்தான். கரி மொத்தம் போட்டுப் பார்த்ததே மூன்று ஷாட். மூன்றும் விழவில்லை. அந்த சீசனில் அமெரிக்கா முழுவதிலும் அதிக சராசரி, ஆட்டத்துக்கு 28.6 பாயிண்ட், வைத்திருந்தவர் அன்றைக்கு எடுத்தது ஜீரோ.

டேவிட்சன் 78, லயோலா 48.

ஆட்டம் முடிந்ததும் பாட்சோஸிடம் கேட்டார்கள். அவர் அசரவில்லை. நான் சரித்திரம் படித்தவன், ஜனங்கள் எதை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், நாங்கள் அவனை ஜீரோவில் நிறுத்தியதையா, 30 பாயிண்டில் தோற்றதையா என்கிற மாதிரி பதில் சொன்னார். சரித்திரம் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன் சார், இரண்டையும்தான்.

சேம்பர்லினைச் சுற்றி வேலி. கரியைச் சுற்றியும் வேலி. அங்கே தோல்வி, இங்கே 30 பாயிண்ட் வெற்றி. என்ன வித்தியாசம்? ஒன்று, 1986-87 சீசனில் கல்லூரி ஆட்டத்துக்கு மூன்று பாயிண்ட் கோடு வந்துவிட்டது. தூரத்திலிருந்து போடக்கூடியவன் எதிரணியைக் கூடைக்கு அடியிலிருந்து வெளியே இழுத்துவிடுகிறான். சேம்பர்லினின் இடம் கூடைக்குப் பக்கத்தில். அவருக்குக் காவல் நின்றவர்கள் கூடைக்கும் காவல் நின்றார்கள். கரிக்குக் காவல் நின்றவர்கள் மூலைக்குத்தான் காவல். இரண்டாவது, அந்த மற்ற நாலு பேர். காலியாகக் கிடைத்த இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யவேண்டும் என்று கோச் பாப் மெக்கிலப் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

ஸ்கோர் ஷீட்டில் இது எங்கேயுமே வராது. அன்றைய ஷீட்டை மட்டும் பார்ப்பவனுக்கு கரி ஒரு தண்டம்.

இதில் நம் சென்னைக்கு என்ன?

இருக்கிறது. நம் ஊரில் கல்லூரிக் கூடைப்பந்து என்பது வெறும் பொழுதுபோக்கில்லை. லயோலாவில் பெர்ட்ராம் நினைவுப் போட்டி நடக்கும்போது போய்ப் பாருங்கள். ஆடுகிற பையன்களில் பாதிப் பேர் வெளியூர். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட், ஹாஸ்டல், சாப்பாடு. நன்றாக ஆடினால் படிப்பு முடிந்ததும் தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் அணிகளில் வேலை. ஒரு குடும்பமே தலையெடுத்துவிடும். அத்தனையும் ட்ரையல்ஸ் நடக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் எதைப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. எத்தனை கூடை போட்டான் என்று எண்ணிக் குறித்துக்கொள்வது சுலபம். இவன் நின்றால் எதிரணி எப்படிக் கோணுகிறது என்று பார்ப்பது கஷ்டம். முதலாவதை மட்டும் பார்த்தால் என்ன ஆகும்? பையன்களும் அதற்குத் தகுந்த மாதிரி ஆடக் கற்றுக்கொள்வார்கள். பந்து வந்தால் கொடுக்காதே, போடு.

கீது அன்னா ஜோஸ் அப்படித் தெற்கு ரயில்வேக்கு வந்தவர்தான். கேரளத்தில் சங்ஙனாச்சேரி அஸம்ப்ஷன் கல்லூரி. பிறகு சென்னையில் ரயில்வே வேலை. ஆறடி இரண்டங்குலம். கிட்டத்தட்ட கரி உயரம், ஆனால் இந்திய மகளிர் அணியில் அந்த உயரத்துக்கு வேலை கூடைக்கு அடியில். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடிவிட்டு வந்தவர். 2009 செப்டம்பரில் ஆசிய மகளிர் சாம்பியன்ஷிப் சென்னையிலேயே, நேரு உள்விளையாட்டரங்கில் நடந்தது. பட்டம் சீனாவுக்குப் போனது. சீனா, கொரியா, ஜப்பான் மாதிரி அணிகளுக்கு இந்தியாவை எதிர்த்து ஆடுகையில் முதல் வேலை கீதுவைப் பூட்டிவைப்பது. வேலி போட்டுவிடுவார்கள். வெளியே காலியாக இடம் கிடக்கும். 1957 கான்சாஸ் கதைதான். வெளியிலிருந்து தொடர்ந்து கூடையில் போட நமக்குப் போதிய கைகள் இல்லை.

கைகள் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். அதே தெற்கு ரயில்வேயில் சென்னைப் பெண் அனிதா பால்துரை இருந்தார். பதினெட்டு வருஷம் இந்தியாவுக்கு ஆடியவர். 19 வயதிலேயே கேப்டன். அவருக்கு 2021ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கீதுவுக்கு 2014ல் அர்ஜுனா விருது. ஒரே ஆபீஸ் அணியில் இப்படி இரண்டு பேர். அந்த அணியோடு மோதிய மற்ற அணிகளின் கோச்சுகள் இரவு தூங்கியிருப்பார்களா என்பது சந்தேகம். ஒருத்தரைப் பூட்டினால் இன்னொருத்தர். ஆனால் ஆசிய அளவில் இரண்டு பேர் போதாது.

2011ல் அமெரிக்காவிலிருந்து கீதுவுக்கு அழைப்பு வந்தது. சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ் என்று மூன்று டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் ட்ரையல்ஸ். போனார், ஆடினார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. சென்னைக்குத் திரும்பினார்.

அடுத்த கண்காட்சிக்கு நந்தனம் போகும்போது, பையில் கனம் ஏறுவதற்கு முன்னால் அந்தக் கல்லூரி வளாகத்தில் கொஞ்சம் நடந்து பாருங்கள். எங்காவது கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தால் நில்லுங்கள். பந்தைப் பார்க்காதீர்கள். பந்து இல்லாத பக்கம் பாருங்கள். யாரையாவது இரண்டு பேர் விடாமல் ஒட்டிக்கொண்டு நின்றால், பக்கத்தில் நிற்பவரிடம் அந்தப் பையன் பெயர் என்ன என்று கேட்டு வையுங்கள்.